மருதாணி எப்படிச் சிவக்கிறது?

மருதாணி இலை பச்சை. அரைத்த விழுதும் பச்சை. ராத்திரி கையில் அப்பி, காலையில் உதிர்த்துப் பார்த்தால் சிவப்பு. பச்சை இலைக்குள் இந்தச் சிவப்பு எங்கே இருந்தது என்று சின்னப் பிள்ளைகள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். "வச்சுப் பாரு ட்டீ, தானா செவக்கும்" என்று சொல்லிவிட்டு ஆச்சி அம்மியைக் கழுவப் போய்விடுவாள். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் ஆச்சிமார் சொன்ன பக்குவங்களில் எது எதற்காக என்பது புரியும். கடையில் தொங்குகிற கோன்களில் எதைத் தொடக் கூடாது என்பதும் புரியும். இந்தக் கட்டுரையை எழுதுவதே முக்கியமாக அந்த இரண்டாவது விஷயத்துக்காகத்தான்.

முதலில் செடி. தாவரவியலில் இதன் பெயர் லாசோனியா இனெர்மிஸ். ஸ்காட்லாந்து மருத்துவர் ஐசக் லாசன் நினைவாக லின்னேயஸ் வைத்த பெயர். மாதுளையும் இதே குடும்பம்தான். வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா, இந்தியா என்று வெயிலும் வறட்சியும் உள்ள இடங்களில் நன்றாக வரும். நம் பக்கத்தில் நாங்குநேரி, ராதாபுரம் மாதிரி மழை குறைந்த நிலத்திலும் வேலியோரமாக நின்று தழைக்கும். ஆள் உயரத்துக்கு மேலே வளரும் குத்துச்செடி, சின்ன இலை, கொத்துக் கொத்தாக வெளிர்நிறப் பூ. அந்தப் பூவின் வாசம் சாயங்காலத்தில் தெருமுனை வரைக்கும் வரும். பூவைத் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்தால் தூக்கம் வரும் என்பார்கள். காய்ந்த விதையைச் சாம்பிராணியோடு சேர்த்து வெள்ளிக்கிழமை புகை போடுகிற வீடுகளும் உண்டு.

சரி, சிவப்புக்கு வருவோம்.

இலைக்குள் இருக்கும் சாயப்பொருளுக்கு லாசோன் என்று பெயர். செடியின் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் உயிருள்ள இலையில் அது லாசோனாக இருப்பதில்லை. சர்க்கரை மூலக்கூறு ஒன்றோடு ஒட்டிக்கொண்டு, நிறம் காட்டாமல் அடங்கியிருக்கும். இலையைச் சும்மா பறித்துக் கையில் தேய்த்தால் பெரிதாக ஒன்றும் பிடிக்காததற்கு இதுதான் காரணம். அம்மியில் வைத்து நசுக்கி அரைக்கும்போது இலையின் செல்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனியாக இருந்த நொதியும் இந்தச் சேர்மமும் ஒன்றுகலக்கின்றன. நொதி சர்க்கரையை வெட்டிவிடுகிறது. மிஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து லாசோன் ஆகிறது. அதன் நிறம் ஆரஞ்சு. விழுதில் பச்சையமும் இருப்பதால் அந்த ஆரஞ்சு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

காய்ந்த இலை நூறு கிராமில் லாசோன் ஏறக்குறைய ஒன்றிலிருந்து இரண்டு கிராம் இருக்கும். இந்தக் கொஞ்சமே போதும். ஈரமான விழுது தோலில் படிந்திருக்கும்போது லாசோன் மெல்ல மேல்தோலுக்குள் இறங்குகிறது. தோலின் மேலடுக்கு கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது, நகமும் முடியும் அப்படித்தான். லாசோன் அந்தக் கெரட்டினோடு வேதிப்பிணைப்பு போட்டுக்கொள்கிறது. பத்தமடைப் பாய்க்குக் கோரையில் சாயம் ஏற்றுவது மாதிரிதான் இது. சாயம் மேலே பூசி நிற்கவில்லை, உள்ளே ஊறிப் பிடித்துவிட்டது. அதனால் சோப்புப் போட்டாலும் போவதில்லை.

லாசோனுக்குப் புரதத்தின் மேல் இருக்கிற இந்தப் பிடிப்பைத் தடயவியல் ஆய்வாளர்களும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்த விரல்ரேகையில் வியர்வையின் அமினோ அமிலங்கள் இருக்கும். லாசோன் அவற்றோடு வினைபுரிந்து ரேகையைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கும். நம் வீட்டு வேலியில் நிற்கிற செடிக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறது. அப்புறம், லாசோன் மருதாணிக்கு மட்டும் சொந்தமில்லை. நாம் காசித்தும்பை என்று சொல்லும் செடியிலும் அது உண்டு. கொரியாவில் அந்தப் பூவையும் இலையையும் நசுக்கி நகத்தில் கட்டிச் சிவக்க வைப்பது பழைய வழக்கம்.

பக்குவங்களும் காரணங்களும்

ஊரில் மருதாணி அரைக்கும்போது இலையோடு கொட்டைப்பாக்கு, கொஞ்சம் புளி அல்லது எலுமிச்சைச் சாறு சேர்ப்பார்கள். சில வீடுகளில் இரண்டு கிராம்பும் விழும். புளிப்பு இருந்தால் சாயம் நிதானமாகப் பிரியும், பிரிந்தது சீக்கிரம் கெடாமலும் நிற்கும். பாக்குக்கு அதன் சொந்தக் கறை உண்டு, அதுவும் கூடச் சேரும். கிராம்பிலுள்ள எண்ணெய் சாயம் தோலுக்குள் இறங்க உதவும். ஆனால் கிராம்பு எண்ணெயை அளவில்லாமல் சேர்த்தால் தோல் எரியும். கோன் போடுகிறவர்கள் நீலகிரித் தைலமோ லாவெண்டர் எண்ணெயோ சேர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இளம் இலையில் சாயம் கூடுதல். அதனால் முற்றிய இலையை விட்டுவிட்டுக் கொழுந்தாகப் பார்த்துப் பறிப்பார்கள். நைசாக அரைக்க வேண்டும் என்று பெரியவர்கள் விடாப்பிடியாக நிற்பதிலும் அர்த்தம் இருக்கிறது. எவ்வளவு அரைபடுகிறதோ அவ்வளவு செல்கள் உடையும். மிக்ஸியில் தண்ணீர் விட்டு ஓட்டினால் விழுது நீர்த்துப்போகும், பிடிப்பும் குறையும். கெட்டியாக அரைப்பதில் இன்னும் அம்மிதான் ஒரு படி மேலே என்பது என் எண்ணம்.

வைத்த பிறகு முக்கியம் ஈரம். விழுது காய்ந்து போனால் சாயம் இறங்குவது நின்றுவிடும். எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை கரைத்துப் பஞ்சால் மேலே ஒற்றுவது, விழுது உதிராமல் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் ஈரமாகவே இருப்பதற்கு. அடுத்தது சூடு. கை சூடாக இருந்தால் சாயம் வேகமாகப் பிடிக்கும், விரல் ஜில்லென்று இருந்தால் மங்கலாகத்தான் வரும். "அவளுக்குச் சூட்டு உடம்பு, நல்லா செவக்கும்" என்று சொல்வது இதைத்தான். கிராம்பை வாணலியில் வாட்டி, அந்தப் புகைமேல் கையைக் காட்டுவதிலும் பாதி வேலை சூட்டினுடையது.

மருதாணி நன்றாகச் சிவந்தால் புருஷன் பிரியமாக இருப்பான், மாமியார் பிரியமாக இருப்பாள் என்று சொல்லிக் கேலி செய்வது கல்யாண வீட்டின் சந்தோஷங்களில் ஒன்று. அது இருக்கட்டும். ஆனால் சரியாகச் சிவக்காத கையைப் பார்த்து ஒரு பெண் மனசு வாட வேண்டியதில்லை. விழுது எவ்வளவு நேரம் இருந்தது, கை சூடாக இருந்ததா, தோல் தடிப்பா மெலிசா, இலை புதிதா பழசா என்பதைப் பொறுத்த விஷயம் அது.

காலையில் எடுக்கும்போது தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. சுரண்டி உதிர்த்துவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவி, முடிந்தவரை அன்று தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எடுத்தவுடன் ஆரஞ்சாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து "பிடிக்கவே இல்லை" என்று பலர் வருத்தப்படுவார்கள். தோலுக்குள் போன சாயம் அடுத்த ஒன்றிரண்டு நாளில் காற்றோடு சேர்ந்து இன்னும் கருத்து, அடர் சிவப்பாகவோ செம்பழுப்பாகவோ ஆகும். ஆகவே கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி வைப்பதைவிட, அதற்கும் ஒருநாள் முன்னால் வைத்தால் தாலி கட்டும் நேரத்தில் நிறம் உச்சத்தில் இருக்கும்.

உள்ளங்கை நடுவில் ஒரு பெரிய வட்டம், சுற்றிலும் சின்னப் பொட்டுகள், விரல் நுனிகளில் தொப்பி. இதுதான் நம் ஊரின் பழைய மருதாணி. கோன் டிசைன்கள் வந்த பிறகு இதைப் பட்டிக்காட்டு வழக்கம் என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உடம்பிலேயே மேல்தோல் மிகத் தடிப்பாக இருப்பது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான். கெரட்டின் அதிகம், அதனால் சாயம் ஆழமாகப் பிடிக்கும். விரல் நுனித் தொப்பியில் நகமும் சேர்ந்து சிவக்கும். விழுதைத் தடிமனாக அப்புவதால் சீக்கிரம் காயாது. இந்த இலையிடமிருந்து அதிகபட்ச நிறத்தை வாங்குவதற்கு எது சரியோ அதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். புறங்கையிலும் முழங்கை வரையிலும் மெல்லிய கொடியாக வரைகிற டிசைன்கள் அழகுதான். ஆனால் அங்கே தோல் மெலிசு. அதே மருதாணி அங்கே வெளிறித்தான் பிடிக்கும், அது போட்டவர் குற்றம் இல்லை.

மேல்தோல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து புதிதாக வருவதால், சாயம் பிடித்த அடுக்குகளும் கூடவே போய்விடும். ஒன்று முதல் மூன்று வாரத்தில் கை பழையபடி ஆகிவிடும். நகம் உதிராது, வளர்ந்து வெட்டித்தான் போக வேண்டும். ஆகவே நகத்துச் சிவப்பு மாதக் கணக்கில் நிற்கும்.

எங்கிருந்து, யார் யார்

எகிப்தில் மம்மிகளின் முடியிலும் நகத்திலும் மருதாணிச் சாயம் இருந்ததாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் இறந்த இரண்டாம் ராமேசஸ் மன்னரின் தலைமுடியும் அப்படிச் சாயம் ஏற்றப்பட்டதுதான் என்பார்கள். விவிலியத்தின் உன்னதப்பாட்டில், சாக்கடல் கரையிலுள்ள எங்கேதி ஊர்த் திராட்சைத் தோட்டங்களின் மருதோன்றிப் பூங்கொத்து வருகிறது. பாளையங்கோட்டையில் வேதப்பாடம் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்த வரி ஞாபகம் இருக்கும்.

தமிழ்நாட்டில் உடம்பில் வரைந்துகொள்வது மருதாணியோடு தொடங்கியதில்லை. சங்க காலத்துப் பெண்கள் தோளிலும் மார்பிலும் குழம்பால் எழுதிக்கொண்ட கோலத்துக்குத் தொய்யில் என்று பெயர். பாதத்தைச் சிவக்க வைக்கச் செம்பஞ்சுக் குழம்பு இருந்தது. அந்த வழக்கங்கள் மறைந்தன. மருதாணி நின்றது. வீட்டு வேலியில் இலவசமாகக் கிடைப்பதும், ஒரு தடவை வைத்தால் நாள்கணக்கில் இருப்பதும் அதற்குக் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் இது எந்த ஒரு சாதிக்கும் மதத்துக்கும் தனிச்சொத்து இல்லை. ஆடி பிறந்தால் மருதாணி வைக்க வேண்டும் என்பார்கள். குற்றாலச் சாரல் தென்காசி, செங்கோட்டைப் பக்கமெல்லாம் தூவிக்கொண்டிருக்கும் காலம் அது. சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குப் போகிற பிள்ளைகள் கையெல்லாம் சிவந்திருக்கும். தீபாவளிக்கு, ஊர்க் கொடைக்கு, சடங்கு வீட்டுக்கு, கல்யாணத்துக்கு என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒரு சாக்கு உண்டு. மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம் பக்கம் பிறை தெரிந்த ராத்திரி பெருநாளுக்கு மருதாணி வைக்கப் பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்துவிடும். தாடிக்கு மருதாணி போடுகிற பெரியவர்களையும் அங்கே பார்க்கலாம். மலையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் இதே இலை மயிலாஞ்சி. அந்தப் பக்கத்து முஸ்லிம் கல்யாணங்களில் அதற்கென்றே பாட்டுகள் உண்டு.

ஆச்சிமார் சொல்கிற கதை ஒன்று. அசோகவனத்தில் சீதை தன் துக்கத்தையெல்லாம் மருதாணிச் செடியிடம்தான் சொல்லி அழுதாளாம். சிறை மீண்டதும் உனக்கு என்ன வரம் வேண்டும் என்று செடியிடம் கேட்டாளாம். எனக்கு ஒன்றும் வேண்டாம், இப்போது உன் முகத்தில் இருக்கிற இதே சந்தோஷம் எல்லாப் பெண்களுக்கும் கிடைத்தால் போதும் என்றதாம் செடி. அதனால்தான் மருதாணி வைத்த கையைப் பார்த்தால் முகம் மலர்கிறது என்று கதையை முடிப்பார்கள்.

நம் ஊர்க்காரர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, பெரிய பூக்களும் நடுவில் நிறைய இடைவெளியும் உள்ள அரபிக் டிசைன் இங்கே எல்லாருக்கும் பழகிவிட்டது. கை முழுக்க இடைவிடாமல் நிரப்பும் வடக்கத்தி மணப்பெண் டிசைன் ராஜஸ்தான் வழி. இன்று கடையில் கிடைக்கும் பொடியில் பெரும்பங்கு அங்கிருந்து வருவதுதான். பாலி மாவட்டத்துச் சோஜத் மருதாணிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மொராக்கோவில் பூக்கள் குறைவு, கட்டங்களும் கோணங்களும்தான் அதிகம். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் மருதாணி வழக்கங்களைச் சேர்த்தது. சேர்ந்து விண்ணப்பித்தவை எகிப்து, ஓமன், சூடான் உட்பட 16 அரபு நாடுகள்.

கருப்பு மருதாணி என்று ஒன்று இல்லை

இதைக் கவனமாகப் படியுங்கள். மருதாணி தோலில் தருகிற நிறம் ஆரஞ்சில் தொடங்கிச் செம்பழுப்பு வரை மட்டும்தான். உள்ளங்கையில் நன்றாகப் பிடித்தால் காப்பி நிறம் வரை போகும். அரைமணி நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடிக்கிறது என்றால் அந்த நிறம் இலையிலிருந்து வந்ததில்லை. பெரும்பாலும் அதில் இருப்பது பிபிடி என்று சுருக்கிச் சொல்லும் பாராஃபினிலின்டையமின். தலைமுடிச் சாயத்துக்கான ரசாயனம் அது. முடிச் சாயத்திலேயே அதற்கு அளவு உண்டு. ஐரோப்பாவில் கலந்த பிறகு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தோலில் நேரடியாகப் பூசுவதற்கு அனுமதியே இல்லை.

தோலில் போட்டால் என்ன ஆகும்? சிலருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு ஒன்றிரண்டு நாளிலோ ஒரு வாரம் கழித்தோ டிசைன் இருந்த அதே கோட்டில் அரிப்பு எடுத்து, சிவந்து தடித்து, கொப்புளம் போடும். தழும்பு நின்றுவிடுவதும் உண்டு. அதைவிட மோசம், உடம்பு அந்த ரசாயனத்தை வாழ்நாள் முழுக்க ஞாபகம் வைத்துக்கொள்ளும். பத்து வயசில் திருவிழாக் கடையில் கருப்பு மருதாணி போட்ட பிள்ளை, நாற்பது வயசில் நரைக்குச் சாயம் பூசும்போது முகம் வீங்கி மருத்துவமனைக்குப் போக நேரலாம். ஒரு நாள் அழகுக்காக ஒரு குழந்தைக்கு இதைச் செய்வது எனக்குத் தாங்க முடியாத விஷயமாக இருக்கிறது. கொப்புளம் வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஐந்து நிமிஷத்தில் செக்கச்செவேல் என்று சிவக்கும் கோன்களையும் நம்ப முடியாது. வெறும் இலையால் அவ்வளவு வேகம் முடியாது. இன்னொன்றையும் யோசியுங்கள். நிஜமான மருதாணி விழுது சில நாளில் வீரியம் இழந்துவிடும். கோன் போட்டு வைத்தால்கூட ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். கடையில் வெயில் படுகிற இடத்தில் மாசக்கணக்கில் தொங்கிய கோன் அப்படியே சிவக்கிறது என்றால் அதில் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது.

பொடி வாங்கினால் அது மங்கிய பச்சையாக, வைக்கோல் வாசத்தோடு இருக்க வேண்டும். பழுப்பாகிவிட்டது பழசு. எலுமிச்சைச் சாற்றில் குழைத்து மூடி வைத்தால் நம் ஊர் வெக்கைக்குச் சில மணி நேரத்திலேயே சாயம் பிரிந்துவிடும். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிஷம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். ஆரஞ்சுத் தடம் விழுந்தால் விழுது தயார்.

சுத்தமான மருதாணி பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. ஒரு முக்கியமான விலக்கு மட்டும் உண்டு. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு லாசோன் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடலாம். அவர்கள் மருதாணியைத் தவிர்க்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். குறைபாடு இருப்பது பெரும்பாலும் வீட்டுக்குத் தெரிந்திருக்காது என்பதால், பச்சைப்பிள்ளைக்கு ஆசைக்குக்கூட மருதாணி வைக்க வேண்டாம்.

தலைமுடிக்கும் இதே வேதியியல்தான். நரைமுடியில் மருதாணி மட்டும் போட்டால் செம்பட்டையாகத் தெரியும். கருப்பு வேண்டும் என்றால் அடுத்த நாள் அவுரி இலைப் பொடி போடுவார்கள். அவுரியின் நீலம் மருதாணிச் சிவப்பின்மேல் சேர்ந்து கருமை ஆகும். இது ரசாயனம் சேராத வழி, நேரம்தான் ஆகும். திருநெல்வேலிப் பெயரோடு உலக மருந்துச் சந்தைக்குப் போகிற இலை இன்னொன்று உண்டு, நிலாவாரை. அது மலமிளக்கி மருந்துக்கானது, இந்தச் சாய வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

தாமிரபரணிப் பாசன வயலில் நாற்று நடுகிற பெண்கள் சேற்றுப்புண்ணுக்குக் கால்விரல் இடுக்கில் மருதாணி அரைத்து வைப்பார்கள். நகச்சுத்துக்கும் வைப்பார்கள். பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும் தன்மை இந்த இலைக்கு இருப்பதை ஆய்வகச் சோதனைகளும் காட்டியிருக்கின்றன. ஆழமான புண்ணுக்கும் சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கும் இது மருந்தாகாது, அங்கே டாக்டர்தான்.

வீட்டில் ஒரு செடி இருந்தால் கோனைப் பற்றிய கவலையே வேண்டாம். பென்சில் தடிமனுள்ள கிளையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளை எடுத்துவிட்டு, ஐப்பசி மழையில் நட்டால் வேர் பிடிக்கும். தண்ணீர் தேங்காத, வெயில் நன்றாகப் படுகிற இடமாக இருக்கட்டும். முதல் வருஷம் இலை பறிக்காமல் விடுங்கள். அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை ஒட்ட வெட்டிவிட்டால் கொழுந்து நிறைய அடிக்கும், ஆடிக்குத் தெருவுக்கே கொடுக்கலாம்.